இரண்டு வருடம் வீணா? பீஸ் கோரில் சேரலாம் என்ற அணிக்காகப் பேசியது

நடுவர் ஐயாவுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற சங்கத்துக் குடும்பங்களுக்கும் வணக்கம்.

கல்லூரி முடித்த பிள்ளை அமெரிக்க அரசின் பீஸ் கோர் தன்னார்வத் திட்டத்தில் சேர்ந்து வெளிநாடு போவது வரவா, இழப்பா என்பதுதான் இன்றைய தலைப்பு. வரவுதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சம்பாதிக்க வேண்டிய வயதில் இரண்டு வருடத்தை ஏன் தொலைக்க வேண்டும்? பெண் பிள்ளையை எந்த நம்பிக்கையில் அனுப்புவது? இருபத்திரண்டு வயதுப் பிள்ளை போய் அந்தக் கிராமத்தில் என்ன சாதித்துவிடும்? மூன்றில் கடைசிக் கேள்விதான் கடினமானது, அதனால் அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

எதிரணி சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊரைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்புகிற பிள்ளை போகவே கூடாது. இது ஏதோ இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. கென்னடி இந்த அமைப்பைத் தொடங்கியது 1961 மார்ச் 1. அதே வருடம் அக்டோபரில், நைஜீரியாவின் இபாடானில் பயிற்சியில் இருந்த ஒரு இளம் தன்னார்வலர், ஊரில் இருக்கும் நண்பருக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். இங்கே எல்லாரும் தெருவிலேயே சமைக்கிறார்கள், தெருவிலேயே விற்கிறார்கள், எல்லாமே தெருவில்தான் என்று, பார்த்த அதிர்ச்சியில் எழுதிவிட்டார். அந்த அட்டை தபாலில் போய்ச் சேருவதற்குள் அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் கையில் கிடைத்தது. பிரதி எடுத்துப் பரப்பினார்கள், கூட்டம் போட்டார்கள், இவர்களை நாட்டை விட்டு அனுப்பு என்று கேட்டார்கள். எழுதியவர் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

இதைச் சொன்னால் எதிரணிக்குத்தானே சாதகம் என்று நினைப்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த அட்டை எப்போது எழுதப்பட்டது? வந்த புதிதில். கண்ணில் படுவது மட்டும் தெரிகிற, வீட்டுக்குள் யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாத காலத்தில். எல்லா ஊரும் புதிதாக வந்தவனுக்கு முதலில் அப்படித்தான் தெரியும். இரண்டு வாரம் மட்டும் இருந்துவிட்டுத் திரும்புகிறவன் அந்தப் பார்வையோடேயே திரும்பிவிடுவான். அவன் மனதில் அந்த அட்டை கடைசிவரை அப்படியே இருக்கும்.

அதனால்தான் இரண்டு வருடம். எங்கள் அணியின் வாதம் முழுக்க இங்கேதான் நிற்கிறது. நீங்கள் எதை நஷ்டம் என்கிறீர்களோ அதுதான் இந்தத் திட்டத்தின் பலமே. பணம் கட்டிவிட்டுப் போய், பத்து நாளில் ஒரு பள்ளிக்கூடச் சுவரைப் பூசி, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு வருகிற பயணங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றுக்கு எதிராக நீங்கள் பேசினால் நானே எழுந்து கை தட்டுவேன். இது வேறு. இங்கே பிள்ளை பணம் கட்டுவதில்லை. அந்த நாட்டு அரசு கேட்டால்தான் ஆட்களை அனுப்புவார்கள். போனவுடனேயும் வேலையில் தள்ளிவிடுவதில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் பயிற்சி, பெரும்பாலும் ஒரு உள்ளூர்க் குடும்பத்து வீட்டில் தங்கி, அவர்கள் மொழியில் தண்ணீர் கேட்கவும் துணி துவைக்கவும் கடையில் பேசவும் கற்றுக்கொண்ட பிறகுதான் உறுதிமொழி எடுத்து வேலைக்குப் போகிறார்கள். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு வருடம் தொடங்குகிறது, ஆக மொத்தம் 27 மாதம்.

என் அக்கா மகள் ஜாம்பியாவில் லுவாபுலா மாகாணத்தில் இருந்துவிட்டு வந்தவள். மீன் குளம் வெட்டி திலாப்பியா வளர்க்கிற வேலை, நம் ஊரில் ஜிலேபி மீன் என்போமே, அதேதான். முதல் மாதங்களில் அவள் போனில் அழாத நாள் குறைவு. யாரும் குளம் வெட்ட முன்வரவில்லை. வெட்டியவர்களும் குட்டைக்குத் தண்ணீர் வரும் வழியை அவள் சொன்ன இடத்தில் வைக்கவில்லை. அவள் பெம்பா மொழியில் தட்டுத்தடுமாறிக்கொண்டு, வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, மரவள்ளித் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டே பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த நிலத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் பாயும் என்று அவர்களுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிந்தது மீனுக்கு எவ்வளவு தீனி, குஞ்சுகளை எத்தனை நெருக்கமாக விடலாம் என்பது. இரண்டும் சேர்ந்தபோது குளம் நிலைத்தது. இதற்கு ஆன காலம் முதல் வருடம் முழுக்க. இரண்டாவது வருடத்தில் குளம் வெட்ட அவள் யாரையும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த ஊர்க்காரர்களிடமே வந்து கேட்டுப் போனார்கள். ஒரு வருடத்தில் திரும்பியிருந்தால் அவள் கையில் தோல்விதான் இருந்திருக்கும், அந்த ஊரும் இன்னொரு வெளிநாட்டுப் பெண் வந்து போனாள் என்று மறந்திருக்கும்.

சரி, என்ன சாதிக்கும் என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். கொஞ்சம் சாதிக்கும், அதைவிட நிறையக் கற்றுக்கொள்ளும். இந்த அமைப்பே தன் நோக்கம் மூன்று என்றுதான் சொல்கிறது. பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று கேட்கிற நாடுகளுக்கு உதவுவது ஒன்று. மற்ற இரண்டும், அவர்கள் அமெரிக்கர்களைப் புரிந்துகொள்வதும் அமெரிக்கர்கள் அவர்களைப் புரிந்துகொள்வதும். மூன்றில் இரண்டு பங்கு பழகுவதும் புரிந்துகொள்வதும்தான். அதை வெளிப்படையாக எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒற்றர் வேலைக்கு மறைப்பு என்று எதிரணியில் ஒருவர் சொன்னார், அந்தச் சந்தேகம் முதல் நாளிலிருந்தே பலருக்கு இருந்தது. அதற்காகத்தான் சிஐஏவில் வேலை பார்த்தவர்கள் இதில் சேரவே முடியாது என்று விதி வைத்தார்கள்.

இப்போது பெண் பிள்ளை. இந்த இடத்தில் நான் வேகமாகக் கடந்துபோக மாட்டேன், ஏனென்றால் பயப்படுகிற பெற்றோரிடம் ஒன்றும் ஆகாது என்று சொல்வது நேர்மையில்லை. ஆகியிருக்கிறது. 2009-ல் பெனின் நாட்டில் கேட் புஸி என்ற தன்னார்வலர் கொலை செய்யப்பட்டார். பள்ளி மாணவிகளிடம் ஒருவன் தவறாக நடப்பதாக அவர் நம்பி ரகசியமாகப் புகார் கொடுத்திருந்தார், அந்த ரகசியம் காக்கப்படவில்லை. அவருடைய குடும்பமும், பாலியல் தாக்குதலுக்கு ஆளான முன்னாள் தன்னார்வலர்களும் விடாமல் போராடியதால் 2011-ல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. புகார் கொடுப்பவரின் விவரத்தைக் காப்பது, தாக்குதலுக்கு ஆளானவருக்குத் துணையாக நிற்க ஆட்களை வைப்பது, சேரப்போகிறவருக்கு அந்த நாட்டில் நடந்த குற்றங்களைப் பற்றி முன்கூட்டியே சொல்வது எல்லாம் அந்தச் சட்டத்தால் வந்தவை. அப்புறம் 2013-ல் சீனாவில் ஒரு இளைஞர் நோய்வாய்ப்பட்டு இறந்தார், மருத்துவ கவனிப்பில் இருந்த குறைகள் பேசப்பட்டன, 2018-ல் இன்னொரு சட்டம் வந்தது. ஒரு குடும்பம் பிள்ளையை இழந்த பிறகுதான் விதி மாறியது என்பது எனக்கும் வலிக்கிறது. ஆனால் மாறியது. அமெரிக்க நாடாளுமன்றம் மூலமாகக் கேள்வி கேட்க முடிந்ததால் மாறியது. தனியார் ஏஜென்சி மூலம் போன பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள் யாரைப் போய்க் கேட்பீர்கள்?

அதனால் பெற்றோருக்கு நான் சொல்வது, பயத்தை ஒதுக்காதீர்கள், அதை வைத்தே கேள்வி கேளுங்கள். அந்த நாட்டைப் பற்றி அவர்கள் தருகிற குற்ற விவரத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். அங்கே இருந்துவிட்டு வந்த பெண்களிடம் பேசுங்கள், அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். பெரும்பாலான இடங்களில் மோட்டார் சைக்கிளில் ஏறவே தன்னார்வலர்களுக்குத் தடை, மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மலேரியா இருக்கும் நாட்டில் தடுப்பு மாத்திரை கட்டாயம். 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 7,000 பேரையும் திரும்ப அழைத்தார்கள். அத்தனை பேரையும் ஒரேயடியாக வெளியேற்றியது இந்த அமைப்பின் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. அது மட்டுமில்லை, பிள்ளை எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம். இது ராணுவம் இல்லை.

பணம் பற்றிச் சுருக்கமாக. இது சம்பாதிக்கிற வேலை இல்லை, அதை மறைக்க மாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் வாழ்கிற அளவுக்கு மாதப்படி, வீடு, மருத்துவம், மாதத்துக்கு 2 நாள் விடுப்பு. முடித்து வரும்போது வரிக்கு முன் 10,000 டாலருக்குக் கொஞ்சம் மேல் கையில் கிடைக்கும். மேற்படிப்புக்கு, முடித்து வந்தவர்களுக்கான கவர்டெல் உதவித் திட்டத்தில் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தில் உதவுகின்றன. அரசின் படிப்புக் கடனைத் தள்ளிவைக்க வழி உண்டு. தனியார் வங்கிக் கடன் இருந்தால் மட்டும் கவனம், அதற்கு இந்தச் சலுகைகள் தானாக வராது. வீட்டில் இந்தப் பிள்ளையின் சம்பளத்தை நம்பி யாராவது இருந்தால் போக வேண்டாம், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

வயது போய்விடும் என்றார் எதிரணிச் சகோதரி. வயதுக்கு மேல்வரம்பே கிடையாது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், நர்ஸாக இருந்தவர், 68 வயதில் பீஸ் கோரில் சேர்ந்து பம்பாய் பக்கம் விக்ரோலியில் வேலை பார்த்தார். இருபத்திரண்டில் முடியாதவர்கள் ஐம்பதிலும் யோசிக்கலாம், இந்த மண்டபத்தில் ரிடையர் ஆன டாக்டர்களும் ஆசிரியர்களும் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள்.

யார் போகக்கூடாது என்பதையும் எங்கள் அணியே சொல்லிவிடுகிறது. காதல் முறிந்ததால் போகிறவர், வேலை கிடைக்காததால் போகிறவர், பின்னால் போடுகிற விண்ணப்பங்களில் எழுதிக்கொண்டால் எடுப்பாக இருக்கும் என்று போகிறவர். மின்சாரம் இல்லாத ராத்திரியில் இந்தக் காரணங்கள் ஒன்றும் தாங்காது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் விரும்பினாலும் முடியாது, அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். நம் வீடுகளில் அண்ணனுக்கு முடியாமல் தம்பிக்கு மட்டும் முடிகிற நிலை நிறைய உண்டு, அதனால் விசாரித்துக்கொண்டு ஆசைப்படுங்கள்.

கடைசியாக, எதிரணியில் பேசிய தங்கைக்கு. மாஸ்டர்ஸ் இடமும் கிடைத்திருக்கிறது, இதற்கும் மனது இழுக்கிறது, எதை விடுவது என்று நீயே மேடையில் கேட்டாய். எதையும் இப்போது விடாதே அம்மா. பல்கலைக்கழகத்துக்கு எழுதி இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேள், பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள். அதே வாரத்தில் பீஸ் கோர் விண்ணப்பத்தையும் போடு, போட்டதால் போயே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அழைப்பு வந்தாலும் உடனே கிளம்ப முடியாது, கைரேகை சரிபார்ப்பும் பல் டாக்டர் வரைக்கும் போகிற மருத்துவ அனுமதியும் மாதக்கணக்கில் இழுக்கும். அந்த மாதங்களில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து சண்டை போடு, சமாதானம் ஆகு, போய்வந்தவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர்கள் முன்னாலேயே கேள்வி கேட்கச் சொல். முடிவை அப்போது எடு.

நடுவர் மணி அடித்துவிட்டார். வரவு என்றே தீர்ப்புக் கேட்டு அமர்கிறேன், வணக்கம்.