பிழைத்த கணக்கு

(எங்கள் ஏரிக்கரையில் மரம் வளர்ப்பவர்கள் சேலத்தில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. நேரமில்லாமல் விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வனச்சரக அலுவலர் அவர்களே, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏற்காட்டிலிருந்து வந்திருக்கும் காபித் தோட்ட நண்பர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த ஐயா அவர்களே (மின்கட்டணத்தை மட்டும் நாங்கள் கட்டிவிடுகிறோம்), ஒலிபெருக்கித் தம்பி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுக் குடமும் கையுமாக ஏரிக்கரைக்கு வருகிற என் சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வருடம் ஒருவர் பொறுத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பீரோ நிறையக் கிடக்கிறது. அடுத்த முறை அந்தக் காசுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக் கொடுத்தால், மேடையிலேயே வாங்கி மேற்குக் கரைக்கு அனுப்பிவிடுவேன்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்." கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகிறோம். நான் தாவரவியல் வாத்தியாராக இருந்தவன். எனக்கு அது சாமியைப் பற்றிய பழமொழியாகத் தெரியவில்லை. கன்று வைத்தவருக்குப் போட்ட உத்தரவாகத்தான் தெரிகிறது.

மரத் தோட்டங்களின் வரலாறு, ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலைச் செடிகள், தொண்டர்கள் என்று மூன்று தலைப்பில் பேசச் சொல்லி அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். சரி, வரலாற்றிலிருந்து தொடங்குவோம்.

1820களில் சேலத்துக் கலெக்டராக இருந்தவர் காக்பர்ன். ஏற்காட்டில் காபி வந்தது அவரால்தான். ஆரஞ்சு, பேரி என்று வேறு சிலவற்றையும் கொண்டுவந்து வைத்தார். அவருடைய பெயர் நிலைத்துவிட்டது, கிரேஞ்ச் பங்களாவும் நிற்கிறது. அந்த நாற்றுகளுக்குச் சுனையிலிருந்து தண்ணீர் சுமந்தவர்கள் யார் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1848இல் மக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் ஊட்டித் தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1890இல் கல்கத்தாவில் பிறந்தது. அதன் தென் மண்டல அலுவலகம் 1955இல் கோவைக்கு வந்தது. அவர்கள்தான் 1963இல் ஏற்காட்டில் ஆர்க்கிட் என்ற பூச்செடிகளுக்கான தோட்டத்தையும் சோதனைத் தோட்டத்தையும் அமைத்தார்கள். நம்மில் பாதிப் பேர் ஏற்காடு போனால் படகில் ஏறி, பஜ்ஜி சாப்பிட்டு, லேடிஸ் சீட் காட்சிமுனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்தத் தோட்டத்துக்குப் போவதில்லை. போனாலும் பிள்ளைகள் அங்கே இருக்கிற மணிப்பாறையைக் கல்லால் தட்டி வெண்கலச் சத்தம் கேட்டுவிட்டு வெளியே ஓடிவிடுகிறார்கள்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். கேம்பிள் என்ற வனத்துறை அதிகாரி. சென்னை மாகாணத்துச் செடிகளையெல்லாம் வரிசைப்படுத்தி அவர் எழுதிய நூல் 1915 முதல் பகுதி பகுதியாக வந்தது. 1925இல் அவர் இறந்துபோனார், நூல் பாதியில் நின்றது. ஃபிஷர் என்பவர் எடுத்து 1936இல் முடித்தார். மரம் வைத்தவர் ஒருவர், தண்ணீர் ஊற்றியவர் இன்னொருவர். அந்த நூல் இல்லாமல் தென்னாட்டில் இன்றைக்கும் ஒரு செடியின் அடையாளத்தை உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

பூங்காவுக்கும் ஆர்பரேட்டம் என்கிற மரத் தோட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். இரண்டிலும் நிழல் உண்டு. ஆனால் மரத் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண், ஒரு பதிவு இருக்கும். எந்தக் காட்டு விதை, எந்த வருடம் நட்டது, யார் கொண்டுவந்தது என்று எழுதியிருக்கும். முக்கியமானது அடுத்ததுதான். மரம் செத்துப்போனால் அதையும் எழுத வேண்டும். எப்போது செத்தது, எதனால் செத்தது என்று. நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். நம் ஊரில் நட்ட கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. லட்சம் கன்று என்பார்கள், பத்திரிகையில் படம் வரும். பிழைத்த கணக்கு யாரிடம் இருக்கிறது? கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வருடா வருடம் ஆடியில் மரம் நடு விழா. முன்வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குழி. ஒரு பெரிய மனிதர் வருவார், கன்றை வைப்பார், பூவாளியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வார், கேசரி சாப்பிட்டுப் போவார். பங்குனியில் அது குச்சியாகிவிடும். வாட்ச்மேன் அண்ணன் குச்சியைப் பிடுங்கி எறிவார், குழியை மட்டும் மூடமாட்டார். பிள்ளைகள் விழாமல் இருக்க உடைந்த பெஞ்சுப் பலகையை மேலே போட்டுவைப்பார். ஏன் அண்ணே என்றால், "ஆடி வந்தா மறுபடி யாருங்க சார் தோண்டறது?" என்பார். அவர் அனுபவஸ்தர்.

ஒரு வருடம் சத்துணவுக் கூடத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டது. எழுதிப் போட்டார்கள், யாரும் வரவில்லை. ஆயாவுக்கு அரிசி கழுவின தண்ணீரை ஊற்ற இடமில்லை. தினமும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தக் குழியில் கவிழ்த்துவிட்டுப் போனார். கன்று நாவல். யாரும் கவனிக்கவில்லை. மே மாதம் பள்ளி மூடியிருந்தபோது கோடை மழை இரண்டு முறை பெய்து காப்பாற்றியிருக்கிறது.

அடுத்த ஆடி. விழாவுக்குப் பந்தல் போட்டாயிற்று, சிறப்பு விருந்தினர் கார் வரப்போகிறது. தலைமையாசிரியர் வெளியே வந்து, "குழி எங்கய்யா?" என்றார். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "குழியில மரம் இருக்குங்க சார்." அவருக்கு வந்ததே கோபம். "குழியில எதுக்குய்யா மரம்?"

(இந்த இடத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.)

பிடுங்கிவிடலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். அதற்குள் கார் வந்துவிட்டது. நெஞ்சு உயரத்துக்கு நிற்கிற நாவலைப் பார்த்து விருந்தினர், "நல்லா வந்திருக்கே, யார் வெச்சது?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. வைத்தவர் போன வருடம் வந்தவர், எதிர்க்கட்சிக்காரர். வாட்ச்மேன்தான் சமயோசிதமாக, "ஆயா வெச்சதுங்க" என்றார். ஆயாவைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். ஆயா சொன்னார்: "நான் ஒண்ணும் வெக்கலீங்க. சாக்கடை அடைச்சுக்கிச்சு. அதை யாராச்சும் வந்து எடுத்துவிட்டாப் போதும்."

அந்த வாரமே சாக்கடையைச் சரிசெய்தார்கள். நாவலுக்கு அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் தேவைப்படவில்லை, வேர் கீழே போய்விட்டது. இப்போது ஆனி ஆடியில் அந்த வாசல் முழுக்க ஊதாக் கறை.

இதில் இருக்கிற அறிவியல் இவ்வளவுதான். பாலிதீன் பையில் வளர்ந்த கன்றின் வேர் பைக்குள் சுருண்டு கிடக்கும். அதை விரித்து, கீழே ஈரம் இருக்கிற மண்ணுக்குப் போய்ச்சேர அதற்குக் காலம் வேண்டும். அதற்குள் மாசி பங்குனியில் மேல்மண் காய்ந்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டு கோடை தாண்டிவிட்டால் புங்கை, வேம்பு, நாவலெல்லாம் தானே நின்றுகொள்ளும். தினமும் கால் சொம்பு தெளிப்பதைவிட வாரத்துக்கு இரண்டு முறை ஒரு குடம் நிதானமாக ஊற்றுவது நல்லது, தண்ணீர் ஆழத்துக்கு இறங்கும். அடியில் ஓட்டை போட்டுத் திரி வைத்த மண்பானையைப் பக்கத்தில் புதைத்தால் இன்னும் நல்லது. சுற்றிக் காய்ந்த இலையைப் போட்டு மூடுங்கள். ஆட்டுக்கு முள் கட்டுங்கள். அப்புறம், பையைக் கிழித்துவிட்டு நடுங்கள். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பையோடு நட்டதை ஏரிக்கரையில் நான் தோண்டி எடுத்திருக்கிறேன்.

இரண்டாவது தலைப்பு, செடிகள். நேரமாகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்காட்டுத் தோட்டத்தில் குடுவைச் செடி இருக்கிறது. நேபெந்தஸ் காசியானா, மேகாலயா பக்கத்துச் செடி. இலை நுனி நீண்டு, மூடி போட்ட குடுவையாகும். வழுக்கி உள்ளே விழுந்த பூச்சி மேலே ஏற முடியாது. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்துங்கள், செல்போனைக் கேட்கமாட்டார்கள். சேர்வராயன் மலைப் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற அரிய செடியும் உண்டு. ஆர்க்கிட் காய் ஒன்று முற்றி வெடித்தால் வருவது மாவு மாதிரி விதை. விதைக்குள் சாப்பாடே கிடையாது. சரியான பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். அதனால்தான் காட்டு மரத்திலிருந்து ஆர்க்கிட்டைப் பிய்த்து வந்து வீட்டுத் தொட்டியில் வைக்காதீர்கள் என்கிறோம். காபித் தோட்ட நண்பர்களிடம் சில்வர் ஓக் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிழலுக்கும் மிளகுக்கும் அது வசதிதான். ஆனாலும் ஆஸ்திரேலிய மரத்துக்கு நடுவே நாலு கடுக்காய், நாலு பலா இருக்கட்டும். மீதியைக் காபி குடிக்கும்போது சண்டை போட்டுக்கொள்வோம்.

தொண்டர்களைப் பற்றிப் புகழ்ந்தால் உங்களுக்கே பிடிக்காது. 2010இல் கன்னங்குறிச்சி மூக்கனேரியைத் தூர்வாரி, அந்த மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள் நம் ஊர்க்காரர்கள். பறவைகள் வந்து உட்கார்ந்தன. வைத்ததோடு விடாமல் தண்ணீரும் ஊற்றினார்கள். அதனால்தான் நான் பழமொழியை விடுவதில்லை.

மாமன்ற உறுப்பினர் அம்மாவிடம் இரண்டு கோரிக்கை. மேற்குக் கரையில் ஒரு குழாய் இணைப்பும் ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் வேண்டும். இப்போது பெண்கள் சாலையைக் கடந்து குடம் தூக்குகிறார்கள், லாரிகள் வேகமாக வருகிற சாலை. அடுத்தது, நம் வார்டில் யார் கன்று நட்டாலும், இரண்டு கோடை கழித்து எத்தனை பிழைத்தது, எத்தனை போனது, எதனால் போனது என்று அதே இடத்தில் பலகை வைக்கச் சொல்லுங்கள். பலகை வைக்காதவருக்கு மறு வருடம் குழி கிடையாது. முதல் பலகையை நாங்களே வைக்கிறோம், எங்கள் கரையில் செத்ததையும் சேர்த்து.

கூட்டம் முடிந்ததும் அம்மா ஒரு மரக்கன்று நடுவார் என்று அழைப்பிதழில் இருக்கிறது. மாசி பிறந்துவிட்டது, வெயில் ஏறுகிறது. அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. புதிதாக நட வேண்டாம், ஏற்கெனவே நிற்கிற மகிழத்துக்கு ஒரு குடம் ஊற்றிப் படம் எடுத்துக்கொள்ளலாம். புகைப்படக்காரத் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

வாசலில் காபி இருக்கிறது, ஏற்காட்டுக் காபி. பக்கத்து மேசையில் நீல அட்டை நோட்டு. தெரு வாரியாகப் பெயர் எழுதுங்கள். பங்குனிக்கு ஆள் நிறைந்துவிட்டது. சித்திரை மூன்றாம், நான்காம் வாரத்துக்கு இன்னும் யாரும் எழுதவில்லை. நன்றி, வணக்கம்.