கரண்ட் பில்லுக்கு யார் உபயம்?

நண்பர்களே, வணக்கம். நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். ‘உபயம்: இன்னார், இன்னார் மகன்’ என்று எழுதியே பாதி வெளிச்சத்தை அடைத்திருப்பார்கள். ஆனால் கரண்ட் பில்லுக்கு உபயம் என்று ஒருவர் பெயரையாவது எங்கேயாவது பார்த்ததுண்டா? இது நினைவில் இருக்கட்டும். நாம் மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டா ரிகா வரை போய்வருவோம்.

அங்கே மான்டேவெர்டே என்று ஒரு மலைப்பகுதி. கரீபியன் கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையேறி, மேகமாகவே காட்டுக்குள் நுழையும். மழை விட்ட பிறகும் இலைகள் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிளையை அண்ணாந்து பார்த்தால் பாசி, பெரணி, ஆர்க்கிட் என்று அதன்மேலேயே இன்னொரு காடு தொற்றி வளர்ந்திருக்கும். அந்த நாட்டில் இப்படிப்பட்ட காடுகளை வெட்டி மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

1987. ஸ்வீடனில் ஒரு கிராமத்துப் பள்ளி. ஏஹா கெர்ன் என்ற டீச்சர் மழைக்காடு பற்றிப் பாடம் நடத்துகிறார். ரோலண்ட் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு ஒரு யோசனை: அந்தக் காட்டை நாமே விலைக்கு வாங்கிவிட்டால் என்ன? நான் படித்த வகுப்பாக இருந்தால் “உட்காருடா” என்பதோடு முடிந்திருக்கும். அந்த டீச்சர் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகள் நாடகம் போட்டுப் பணம் திரட்டினார்கள். அந்த மான்டேவெர்டேயில் முதலில் வாங்கியது சுமார் 6 ஹெக்டேர், நம் கணக்கில் 15 ஏக்கர். அதைக் கேள்விப்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் குழந்தைகள் காசு அனுப்பினார்கள். இன்று ‘குழந்தைகளின் நித்திய மழைக்காடு’ 50,000 ஏக்கருக்கு மேல். அந்த நாட்டின் மிகப்பெரிய தனியார் வனக் காப்பகம் அதுதான். 1991-ல் டீச்சருக்கும் பையனுக்கும் சேர்த்துக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

சரி, வாங்கியாயிற்று. அப்புறம்?

இந்த அப்புறத்தைப் பேசத்தான் வந்தேன். 50,000 ஏக்கருக்கு வேலி போட முடியாது. தெபெஸ்குயின்தே என்றொரு பெரிய கொறிவிலங்கு. கறி ருசி என்பதால் நாயோடு வந்து வேட்டையாடுவார்கள். பனைக்குருத்துக்கும் ஆள் வரும். ஒரு குருத்தை எடுக்க முழு மரத்தையே சாய்க்க வேண்டும். இதையெல்லாம் தடுக்கக் காவலர்கள் சேற்றில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். சம்பளம், பூட்ஸ், டார்ச்சுக்கு பேட்டரி. இது மாதாமாதம் வருகிற செலவு.

‘உன் பிறந்தநாளுக்கு ஒரு ஏக்கர் காடு’ என்றால் பரிசாகக் கொடுக்கலாம், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம். ஒரு ஜோடி பூட்ஸை யார் மாட்டுவார்கள்? நிலத்துக்குச் சுலபமாக வருகிற பணம், காவலுக்கு என்றால் தயங்கும். தர்மம் செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும் டியூப் லைட் ஆசை உண்டு.

கோஸ்டா ரிகா ஒரு வழி பார்த்தது. 1996-ல் வனச்சட்டம் கொண்டுவந்தார்கள். காட்டை அழிக்காமல் வைத்திருக்கும் நிலச் சொந்தக்காரர்களுக்கு, எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து அரசே பணம் கொடுக்கிறது. அங்கே ஒருவர் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போதெல்லாம் காட்டின் கரண்ட் பில்லில் கொஞ்சம் கட்டிவிட்டுத்தான் போகிறார். அவர் பெயரை எந்த மரத்திலும் எழுதவில்லை.