முத்த விடாதீர்கள்: இறுங்கு விளக்குமாறு கட்டும் தொழில்

[காட்சி: கொழும்பு, மட்டக்குளி. வீட்டு மேல்மாடியில் தகரக் கூரையின் கீழ் கயிறு கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்ட கதிர்க்கட்டுகள்.]

வணக்கம். எனக்குப் பின்னால் தொங்குவது நெல்லும் இல்லை, குரக்கனும் இல்லை. இந்தக் கதிர்களைக் கொண்டுதான் நாங்கள் விளக்குமாறு கட்டுகிறோம். ஆங்கிலத்தில் புரூம்கோர்ன் என்பார்கள். பெயரைக் கேட்டு, நாம் அவித்துச் சாப்பிடுகிற சோளம் என்று நினைத்துவிடாதீர்கள். இது இறுங்கு. தமிழ்நாட்டில் இறுங்கைத்தான் சோளம் என்கிறார்கள், அதனால் இணையத்தில் தேடும்போது நன்றாகக் குழம்பிப்போவீர்கள். தாவரவியல் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சோர்கம் பைகலர். தானியத்துக்கு வளர்க்கிற இறுங்கும் இதுவும் ஒரே இனம், வகைதான் வேறு. இதில் பொத்தி வராது. தண்டின் உச்சியில் முழ நீளத்துக்குக் குஞ்சம் மாதிரி நார் விரியும். விதை அந்த நார்களின் நுனியில் இருக்கும்.

[காட்சி: ஒரு கதிர், மிக நெருக்கத்தில். விரல்கள் நாரை வளைத்துவிட, அது திரும்ப நிமிர்கிறது.]

நம் வீடுகளில் முற்றத்துக்கு ஈர்க்கு விளக்குமாறு, உள்ளுக்குத் தும்புத்தடி. இரண்டும் அருமையான பொருட்கள். ஆனால் வெள்ளவத்தை மாடி வீட்டு டைல்ஸ் தரையில் மாவு மாதிரிப் படிகிற தூசியை ஈர்க்கு அள்ளாது. இந்த நார் அள்ளும். நுனி கிளைகிளையாகப் பிரிந்திருப்பதுதான் காரணம்.

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்து ஹாட்லி ஊரில் லீவை டிக்கின்சன் என்ற விவசாயி 1797இல் இந்த நாரில் விளக்குமாறு கட்டினார். அது பெரிய தொழிலாக வளர்ந்தது. அந்தக் காலத்தில் விளக்குமாறு உருண்டையாகத்தான் இருந்தது. அதைத் தட்டையாக்கித் தைத்தவர்கள் ஷேக்கர் என்ற சமயக் குழுவினர். தட்டையாக்கியதால் ஒரே இழுப்பில் அகலமாகக் கூட்ட முடிந்தது. வரலாறு இவ்வளவு போதும், வயலுக்குப் போவோம்.

[காட்சி: வவுனியா. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் பயிர்.]

நிலம் கொழும்பில் இல்லை. அங்கே மழையும் ஈரப்பதனும் அதிகம், கதிர் பூஞ்சணம் பிடித்துவிடும். வவுனியாவில் மாமாவின் காணியில் கால் ஏக்கர் போடுகிறோம். பெரும்போக மழையோடு கார்த்திகையில் விதைத்தால், 90 முதல் 100 நாளில் மாசி வெயிலுக்குக் கதிர் வரும். வெட்டும் நேரத்தில் மழை இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். விதையை ஒரு அங்குல ஆழத்தில் போடுங்கள். மிகவும் ஐதாக நட்டால் நார் தடித்துப் போகும், கொஞ்சம் நெருக்கமாகவே நிற்கட்டும்.

முதல் போகத்தில் நாங்கள் தோற்ற இடத்தைச் சொல்லத்தான் வேண்டும். கதிர் வெளிறின பச்சையாக இருந்தது. நான் மாமாவைக் கேட்டேன்.

"மாமா, வெட்டலாமோ?"

"பொறு பிள்ளை, இன்னும் பால்தானே. முத்தட்டும்."

நாற்பது வருடம் நெல்லும் உழுந்தும் விளைவித்த கை, முத்தாத கதிரில் கத்தி வைக்குமா? எனக்கும் அவர் சொன்னது சரியாகவே பட்டது. இரண்டு கிழமை கழித்துப் போனோம். விதை சிவந்து, கனத்து, பாரத்தில் தலை கவிழ்ந்து, நார் எல்லாம் வளைந்து கிடந்தது. காயவைத்து ஒன்றை விரலில் சுற்றினேன். பட்டென்று முறிந்தது. அந்தக் கால் ஏக்கரில் இருந்து ஒரு நல்ல விளக்குமாறுகூட வரவில்லை.

இந்தப் பயிரில் விதை நமக்கு வேண்டாம். விதை முத்த முத்த நார் விறைத்து, நொறுங்குகிற தன்மைக்கு வந்துவிடும். விதையை நசுக்கினால் பால் கெட்டியாகிப் பிசைந்த மா மாதிரி வருகிற பருவம், கதிர் இன்னும் பச்சை. அன்றைக்கே வெட்டுங்கள். அடுத்த போகத்துக்கு விதை வேண்டுமா? ஒரு மூலையில் பத்துப் பதினைந்து செடியை மட்டும் முத்த விடுங்கள்.

உயரமான வகை கைக்கு எட்டாது. அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வரிசைகளை இடுப்பு உயரத்தில் குறுக்கும் மறுக்குமாக முறித்துச் சாய்த்தால் பரண் மாதிரி ஆகிவிடும், கதிர்கள் இரண்டு பக்கமும் நீட்டி நிற்கும். ஒரு சாண் தண்டோடு சேர்த்து வெட்டலாம். வெட்டியதை நிழலில், காற்றோட்டத்தில் காய விடுங்கள். வெயிலில் போட்டால் பச்சை நிறம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. இளம் இறுங்குப் பயிரில், முக்கியமாக வறட்சியில் வாடிய பயிரில், சயனைட் நஞ்சு உருவாகும். ஆடு மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவருவதென்றால் சூட்கேசில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையிடம் முதலிலேயே அனுமதி கேளுங்கள்.

[காட்சி: மேல்மாடி. வாளித் தண்ணீரில் தண்டுப் பகுதி மட்டும் ஊறுகிறது.]

இனிக் கட்டுவோம். விதையை இரும்புச் சீப்பால் வாரி எடுத்தாயிற்று. தண்டை அரை மணித்தியாலம் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் கட்டும்போது வெடிக்கும். பழைய சோனகத் தெருவில் வாங்கிய தடித்த நைலோன் கயிறு, ஒரு கட்டை, பிடிக்கு ஒரு தடி. கயிற்றின் ஒரு நுனி தடியில் போட்ட துளைக்குள் போகிறது. மிச்சக் கயிறு முழுவதும் கட்டையில் சுற்றியிருக்கிறது. அந்தக் கட்டையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நில்லுங்கள்.

[காட்சி: கால், கயிறு, கை. இசை இல்லை, கயிறு இறுகும் சத்தம் மட்டும்.]

இப்போது தடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, தடியை உருட்டுங்கள். இழுக்கிற வேலை கைக்கு இல்லை, முதுகுக்கும் தொடைக்கும்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கதிரைச் செருகுங்கள். கட்டையான, கோணலான நார் உள்ளுக்கு. நீளமான நேர் நார் வெளியே. ஊறிய தண்டு காயும்போது சுருங்கும். இன்றைக்கு இறுக்கமாகத் தெரிகிற கட்டு நாளைக்குத் தளரும். அதனால் கயிறு தண்டுக்குள் பதிகிற அளவுக்கு இழுங்கள். பிறகு இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நெரித்துத் தட்டையாக்கி, சாக்கூசியால் மூன்று நான்கு வரி தைத்தால் சரி.

ஒரு பெரிய விளக்குமாறு அரைக் கிலோவுக்கு மேல் நார் தின்னும். ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் பிடி இல்லாத கைவிளக்குமாறிலிருந்து தொடங்குங்கள். கொஞ்சக் கதிர் போதும், பிழைத்தாலும் நட்டம் சிறிது. மேசை, கார் இருக்கை, சாமியறை என்று வாங்குகிறவர்களும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

விலை வைக்கும்போது புறக்கோட்டைப் பிளாஸ்டிக் விளக்குமாறோடு போட்டி போடாதீர்கள், அந்த விலைக்கு உங்களால் கொடுக்கவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணித்தியாலம் போனது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நார், கயிறு, தடி, வவுனியா பஸ் கூலி, உங்கள் சம்பளம் எல்லாம் கூட்டி வருகிறதுதான் விலை. என் முதல் மூன்று மாத விற்பனையில் சம்பளத்தை நான் எழுதவே இல்லை. லாபம் என்று நினைத்தது முழுவதும் என் கூலிதான். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையிலும் விசாரியுங்கள்.

[காட்சி: சமையலறைக் கதவின் பின்புறம். ஆணியில் தொங்கும் விளக்குமாறு.]

விற்கும்போது ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம்: நுனியைத் தரையில் ஊன்றி நிறுத்தாதீர்கள், நார் ஒரு பக்கம் வளைந்துவிடும், தொங்கவிடுங்கள். இது அம்மாவின் சமையலறை. இரண்டாம் போகத்தில் நான் கட்டிய முதல் விளக்குமாறு இது. அம்மா தினமும் விளக்கு வைக்க முதல் கூட்டி முடித்து, இந்த ஆணியில் கொளுவிவிடுவா.