சுவரைப் பார்த்து நெய்வது

வணக்கம். என் தொழில் டேப்பஸ்ட்ரி நெய்வது, அதாவது வீட்டுக் கூடம், வரவேற்பறை, மண்டபம் என்று உள்சுவர்களில் தொங்கவிடும் நெசவுச் சித்திரங்கள். வேலை கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு போட்டோவை நீட்டுவார்கள். மலையோ கடலோ, சில சமயம் தாத்தாவின் முகமோ, அதை அப்படியே நூலில் கொண்டுவர முடியுமா என்று கேட்பார்கள். முடியும், ஆனால் எதற்கு? அச்சடிக்க மெஷின் இருக்கிறது, அந்த வேலையை அது என்னைவிட நன்றாகவே செய்யும். நான் திருப்பிக் கேட்பது சுவரின் படத்தை. ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எப்போது உள்ளே வருகிறது, உட்காருகிறவர் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார், இதெல்லாம் தெரியாமல் நான் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், ஓட்டுவதில்லை.

சாதாரணத் துணியில் ஊடை என்ற குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா என்ற ஓடக்கட்டை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போய்த் திரும்பும். டேப்பஸ்ட்ரியில் ஒரு நிறத்து ஊடை தன் இடம் முடிந்ததும் அங்கேயே திரும்பிவிடும், பக்கத்து இடத்துக்கு வேறு நூல், வேறு நூற்கண்டு. ஒவ்வொரு வரிசையையும் சீப்பால் தட்டித் தட்டி இறக்குவதால் பாவு முழுசாக மறைந்துவிடும், கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஊடைதான். நுணுக்கமான வேலை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மாதம் போவது சாதாரணம்.

இரண்டு நிறங்கள் செங்குத்துக் கோட்டில் சந்திக்கும் இடம்தான் வம்பு. சிவப்பு ஒரு பாவிழையில் திரும்புகிறது, நீலம் அடுத்த இழையில் திரும்புகிறது, இரண்டுக்கும் நடுவே பிடிப்பே கிடையாது, வரிசை ஏற ஏற அங்கே பிளவு வாய் திறந்துகொள்ளும். பிறகு ஊசியால் தைத்து மூடலாம், இல்லை நெய்யும்போதே இரண்டு ஊடையையும் ஒன்றோடொன்று பின்னிவிடலாம், இல்லையென்றால் படத்தையே பக்கவாட்டில் படுக்கவைத்து நெய்யலாம். ஐரோப்பாவின் பழைய டேப்பஸ்ட்ரிகள் பெரும்பாலும் அப்படி நெய்தவைதான். நிற்கிற மனிதன், தூண், மரம் எல்லாமே செங்குத்துக் கோடுகள், படுக்கவைத்தால் அவை ஊடை ஓடும் திசைக்கே வந்துவிடும், பிளவும் குறையும். ராஜா ராணியெல்லாம் தறியில் படுத்துக் கிடப்பார்கள், சுவரில் மாட்டும்போதுதான் எழுந்து நிற்பார்கள்! நான் சில சமயம் பிளவை வேண்டுமென்றே மூடாமல் விடுவேன். பக்கவாட்டில் விளக்கொளி படும் சுவராக இருந்தால் அது மெல்லிய நிழல்கோடாகத் தெரியும், எந்தக் கறுப்பு நூலிலும் அந்த அழகு வராது.

நிறத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நேரம் போதாது, ஒரு கதை மட்டும் சொல்கிறேன். பாரிஸில் கோபலேன் என்ற நெசவுக்கூடம் இருக்கிறது, 1662 முதல் அரசின் கையில் இருப்பது. 1824இல் அதன் சாயப் பிரிவுக்கு செவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். நீல, ஊதா ஆடைகளின் மடிப்பு நிழலுக்குப் போடும் கறுப்பு வெளுத்துத் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் மற்ற இடத்துக் கறுப்பு நூல்களையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் இருந்த நீலம்தான் கறுப்பைக் கெடுத்துக் காட்டியது. இந்த ஆராய்ச்சி 1839இல் புத்தகமாக வந்தது, பின்னால் ஓவியர்களும் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அதனால் நூல் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பச்சை வேண்டும் என்று சொல்பவரிடம் நான் சரி என்று தலையாட்டுவதில்லை, முதலில் பக்கத்து நிறத்தோடு ஒரு சாண் நெய்து அந்தச் சுவரிலேயே வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

வெயிலை விசாரிப்பதற்கும் காரணம் உண்டு. அருங்காட்சியகங்களில் பழைய டேப்பஸ்ட்ரிகளைப் பாருங்கள், மரங்களின் இலை நீலமாக இருக்கும். நெய்தவர்கள் பச்சையாகத்தான் நெய்தார்கள். நீலச் சாயத்தின் மேல் தாவர மஞ்சளை ஏற்றிப் பச்சை எடுப்பது அந்தக் கால வழக்கம், வெளிச்சத்தில் மஞ்சள் போய்விட்டது, நீலம் நின்றுவிட்டது. இப்போதைய சாயங்கள் பல மடங்கு தாங்கும் என்றாலும் நேர் வெயிலில் எதுவும் நிலைக்காது.

அப்புறம் சத்தம். கண்ணாடியும் கான்கிரீட்டுமாகக் கட்டிய அறையில் நாலு பேர் பேசினால் வார்த்தை ஒன்றோடொன்று மோதும். கெட்டியான கம்பளி நெசவு அந்த எதிரொலியில் கொஞ்சத்தை விழுங்கும், சுவரை ஒட்டாமல் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. சண்டிகர் உயர்நீதிமன்றத்தின் நீதிமன்ற அறைகளுக்கு அதன் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே ஒன்பது பெரிய டேப்பஸ்ட்ரிகள் வரைந்து கொடுத்ததற்கு எதிரொலியைக் குறைப்பதும் ஒரு காரணம். அழகு இலவச இணைப்பு என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் ஒலி பிரச்சினை உள்ள அறைக்கு நான் தடித்த நூலையும் மேடுபள்ளமான நெசவையும் எடுத்துக்கொள்வேன், வரைபடமே அதற்கேற்ப மாறும்.

மாட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு மூலையில் ஆணி அடித்துவிடாதீர்கள், எடை முழுக்க அந்த இடங்களில் இழுத்து நடுவே தொய்ந்துவிடும். மேல் விளிம்பு முழுவதும் பின்பக்கம் பட்டைத் துணி தைத்து, அதில் வெல்க்ரோ வைத்தோ கட்டை செருகியோ தொங்கவிட வேண்டும். தூசிக்கு, மேலே ஒரு வலையைப் போட்டு வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் போதும். தண்ணீரில் மட்டும் நனைத்துவிடாதீர்கள், கம்பளி சுருங்கினால் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர என்னாலும் முடியாது. நன்றி, வணக்கம்.