ஒரே பாட்டு, ஊருக்கொரு மெட்டு

நேயர்களுக்கு அன்பான வணக்கம். இங்கிலாந்தின் கிராமங்களில் கிறிஸ்துமஸ் எப்படி நடக்கிறது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மணிக்கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், குழந்தைகளின் மெழுகுவர்த்தி ஆராதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும், தெருவில் நாடகம் போடுகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் தொடப் பார்க்கிறேன். ஆனால் பல வருடமாக நான் மனதைக் கொடுத்திருப்பது பாட்டில். அதனால் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

‘ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்’ என்ற பாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர்கள் என்றால் சொல்லவே வேண்டாம். டிசம்பர் மாதக் குளிரில், கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது, வீட்டு வாசலில் நின்று பாடியிருப்பீர்கள். இப்போது மனதுக்குள் ஒரு முறை பாடிப் பாருங்கள். ஒரு மெட்டுதானே வருகிறது? அந்தப் பாட்டின் ஆங்கில மூலத்துக்கும் இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் ஒரே மெட்டுதான். வேதாகமத்தின் சங்கீதங்களைப் பாட்டாகத் தொகுத்து 1592-ல் அச்சான ஒரு புத்தகத்திலிருந்து வந்த பழைய மெட்டு அது.

ஆனால் வட இங்கிலாந்தில் நான் இருக்கும் யார்க்‌ஷயரின் தெற்குப் பக்கம், ஷெஃபீல்டு நகரத்தை ஒட்டி, மேற்கிலும் வடக்கிலும் மலைச்சரிவில் சில கிராமங்கள் இருக்கின்றன. டங்வொர்த், ஸ்டானிங்டன், வொரல், கிரெனோசைடு, எக்கிள்ஸ்ஃபீல்டு. கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், செம்மறியாட்டு மேய்ச்சல், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கருங்கல் வீடுகள். இந்த ஊர்களில் அதே பாட்டுக்குப் பத்து மெட்டுக்கு மேல் இருக்கின்றன. ஒரே பாட்டு, ஊருக்கொரு மெட்டு. சில ஊர்களில் ஒரே மதியத்தில் அதையே மூன்று நான்கு மெட்டுகளில் அடுத்தடுத்துப் பாடுவார்கள், யாருக்கும் அலுப்பதில்லை.

அப்புறம் இன்னொன்று. இதையெல்லாம் அவர்கள் பாடுவது ஆலயத்தில் அல்ல, பப்பில். மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் காட்சி கொடுத்ததைப் பற்றிய பாட்டை, லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து எடுத்த பாட்டை, கையில் பியர் கிளாஸோடு பாடுகிறார்கள். எப்படி இந்தப் பாட்டு அங்கே போய்ச் சேர்ந்தது? அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

1647-க்குப் போவோம். உள்நாட்டுப் போரில் மன்னரைத் தோற்கடித்த, பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களின் நாடாளுமன்றம், கிறிஸ்துமஸ் கொண்டாடவே கூடாது என்று சட்டம் போட்டது. அன்றைக்கும் கடை திறந்திருக்க வேண்டும் என்றார்கள். கேன்டர்பரி நகரத்து மக்கள் கேட்கவில்லை. திறந்த கடைகளை அடித்து நொறுக்கி, பெரிய கலவரமே நடந்தது. 1660-ல் மன்னராட்சி திரும்பியபோது கிறிஸ்துமஸும் திரும்பியது. ஆனாலும் ஆலயத்துக்குள் என்ன பாடலாம் என்பதில் கட்டுப்பாடு இருந்தது. தாவீதின் சங்கீதங்களைச் செய்யுளாக்கித்தான் பாடினார்கள். 1700-ல், அரசவைக் கவிஞராக இருந்த நேஹம் டேட் எழுதியதாகச் சொல்லப்படும் இந்த மேய்ப்பர் பாட்டு, சங்கீதப் புத்தகத்தின் பின்னிணைப்பில் இடம்பிடித்தது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள், ஆங்கிலத் திருச்சபையின் ஆலயங்களில் பாட அனுமதி பெற்ற கிறிஸ்துமஸ் பாட்டு என்றால் இது ஒன்றுதான்.

வருடா வருடம் ஒரே பாட்டு. வரிகளை மாற்ற முடியாது. மெட்டை மாற்றலாமே! கிராமத்துக் கலைஞர்கள் அதைத்தான் செய்தார்கள். அந்தக் காலத்தில் கிராமத்து ஆலயங்களில் ஆர்கன் கிடையாது. மேற்குச் சுவரை ஒட்டி மரத்தால் ஒரு மாடம் கட்டி, ஊர்க்காரர்கள் அங்கே ஏறி நின்று வாசித்தார்கள், பாடினார்கள். பிடில், செல்லோ, கிளாரினெட், பஸ்ஸூன். தச்சர், கொல்லர், நெசவாளி, பண்ணையாள் என்று வாரம் முழுக்கக் கையால் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்த மாடத்தில் இசைக்கலைஞர்கள். அவர்களே மெட்டும் போட்டார்கள்.

மெட்டுப் போட வசதியான பாட்டும்கூட. முதல் வரிக்கு எட்டு அசை, இரண்டாம் வரிக்கு ஆறு, திரும்ப எட்டு, திரும்ப ஆறு. இங்கிலாந்தின் நூற்றுக்கணக்கான ஞானப்பாட்டுகளுக்கு இதே அளவுதான். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இந்த அளவைக் கொஞ்சமும் குறைக்காமல் கூட்டாமல் காப்பாற்றியிருக்கிறார். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். ராக், கா, லம், பெத், லேம், மேய்ப், பர், கள். எட்டு. தம், மந், தை, காத், த, னர். ஆறு. அதனால் யார்க்‌ஷயர் மெட்டுகளில் நம் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையில் உள்ள இந்தப் பாட்டையும் பாடலாம். நான் பாடிப் பார்த்திருக்கிறேன், அழகாக உட்காருகிறது.

மெட்டுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். முன்பு சொன்னேனே, கிறிஸ்துமஸுக்காகக் கலவரம் நடந்த கேன்டர்பரி, அதே ஊரில் ஒன்றரை நூற்றாண்டு கழித்து தாமஸ் கிளார்க் என்று ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி இருந்தார். 1805-ல் அவர் வெளியிட்ட மெட்டுகளில் ஒன்று ‘கிரான்புரூக்’. துள்ளிக்கொண்டு போகிற மெட்டு. கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பாடவைக்கும். மேய்ப்பர் பாட்டை அந்த மெட்டில் போட்டு இங்கிலாந்து முழுக்கப் பாடினார்கள். பின்னாளில் யார்க்‌ஷயர்காரர்கள் அதே மெட்டை எடுத்து, தொப்பி இல்லாமல் இல்க்லி மூர் மேட்டில் சுற்றினால் சளி பிடித்துச் செத்துப்போவாய் என்று ஒருவனைக் கேலி செய்யும் பாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு அது யார்க்‌ஷயரின் மாநில கீதம் மாதிரி. அந்த மெட்டு ஒரு செருப்புத் தொழிலாளி ஆராதனைக்கென்று போட்டது என்பது, அதைப் பாடுகிற பலருக்கே தெரியாது.

சரி, இந்தப் பாட்டெல்லாம் ஏன் ஆலயத்தை விட்டு வெளியே போயின? 1830-களில் தொடங்கி, ஆலய வழிபாட்டைச் சீர்படுத்த வேண்டும் என்ற எண்ணம் குருமாரிடம் பரவியது. மாடத்தில் நின்று பிடில் வாசிப்பது அவர்களுக்குக் கூச்சலாகத் தெரிந்தது. ஆர்கன் வந்தது, ஆர்கனுக்குக் காசில்லாத ஊரில் ஹார்மோனியம் வந்தது. வெள்ளை அங்கி போட்ட பாடகர் குழு பீடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பல ஊர்களில் மாடத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 1861-ல் வந்த ஒரு பெரிய பாட்டுப் புத்தகம் மேய்ப்பர் பாட்டுக்குப் பழைய 1592 மெட்டையே சேர்த்து அச்சிட்டது. ஊருக்கொரு மெட்டு என்பது ஆலயத்துக்குள் அத்தோடு சரி.

ஒழுங்கான வழிபாடு வேண்டும் என்று அந்தக் குருமார் நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் ஊர் மக்கள் தாங்களே செய்த இசையை அவர்களிடமிருந்து பிடுங்கியது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். இதை எங்கே பேசினாலும் சொல்கிறேன். கொல்லரும் தச்சரும் தங்கள் ஆலயத்தில் பார்வையாளர்கள் ஆனார்கள். பல மாவட்டங்களில் அந்தப் பாட்டுகள் அப்படியே செத்துப்போயின.

ஷெஃபீல்டு கிராமத்துக்காரர்கள் விடவில்லை. ஆலயத்தில் இடமில்லை என்றால் தெருவில் பாடினார்கள், வீடு வீடாகப் போய்ப் பாடினார்கள், கடைசியில் பப்பில் போய் உட்கார்ந்தார்கள். அப்பா பாடியதை மகன் கேட்டுப் பாடினான். சில குடும்பங்களில் கையால் எழுதிய பாட்டு நோட்டுகள் இருந்தன. 1969 வாக்கில் இயன் ரஸல் என்ற ஆய்வாளர் இந்த ஊர்களுக்கு வந்து ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். அப்போதுதான் வெளி உலகத்துக்கு இது தெரியவந்தது. 1994-ல் அவர் கிரெனோசைடில் ஒரு விழாவும் தொடங்கினார்.

எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நவம்பர் 11, முதல் உலகப் போர் முடிந்த நாள். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாக்ஸிங் டே வரைக்கும் பாட்டுக் காலம். டங்வொர்த்தில் ராயல் ஹோட்டல் என்ற பப், பெயர்தான் ஹோட்டல், சின்ன இடம். ஞாயிறு மதியம் போனால் கதவைத் திறக்கவே முதுகுகளைத் தள்ள வேண்டியிருக்கும். ஜன்னல் கண்ணாடி முழுக்க மூச்சுக்காற்றின் ஆவி. மூலையில் ஒருவர் ஆர்கனில் இரண்டு வரி வாசிப்பார். பேச்சு நிற்கும். கனத்த குரல்காரர்கள் ஒரு வரியை எடுப்பார்கள், அது முடிவதற்குள் பக்கத்துக் கூட்டம் அதே வரியைப் பிடிக்கும், பிறகு பெண்கள் மேலே ஏறுவார்கள், கடைசி வரியில் எல்லோரும் ஒன்றாக வந்து விழுவார்கள். தாளில் கோடு போட்டுக் காட்டினால் சுலபமாகப் புரியும், வானொலியில் அதற்கு வழியில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: அந்தக் கடைசி வரி வரும்போது கையில் இருக்கும் கிளாஸ் அதிர்வது விரலுக்குத் தெரியும்.

கை அசைத்துப் பாடவைக்க நடத்துனர் கிடையாது. முன்னே மேடை கிடையாது. பாடுகிறவர்களில் பலர் ஆலயப் பக்கமே போகாதவர்கள். விவசாயி, ஓய்வுபெற்ற இரும்பாலைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியை, கைக்குழந்தையோடு வந்த அம்மா. ஆனால் எல்லா சரணமும் மனப்பாடம்.

இப்போது ஆலயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேயும் இதே கதைதான் வேறு விதமாக நடக்கிறது. ஆங்கிலத் திருச்சபைக்கு ஏறக்குறைய 16,000 ஆலயங்கள். பாதிக்கும் மேல் கிராமப்புறத்தில். பல அறுநூறு, எழுநூறு வருடப் பழைய கட்டடங்கள். போதகர்கள் அவ்வளவு பேர் இல்லை. ஒரு போதகருக்கு ஐந்து, ஆறு கிராமங்கள் என்பது சாதாரணம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர் காரில் ஊர் ஊராக ஓடுகிறார். இங்கே நான்கு மணிக்கு ஆராதனை, அங்கே ஆறு மணிக்கு, இன்னொரு ஊரில் நடுராத்திரி. ஒரே மனிதரால் முடிகிற வேலையா? முடியாது. ஊர்தான் செய்கிறது.

வாசல் மண்டபத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அலங்காரத்துக்கு ஹோலி, ஐவி தழை யார் வெட்டி வருவது, சாவி யாரிடம், ஹீட்டரை எத்தனை மணிக்குப் போடுவது, ஆராதனை முடிந்ததும் மின்ஸ் பை என்ற உலர்பழப் பலகாரம் கொண்டுவருவது யார், எல்லாவற்றுக்கும் நேரே ஒரு பெயர். கல் கட்டடம், காலையிலேயே ஹீட்டர் போட்டாலும் ராத்திரி பாதங்கள் விறைக்கும். எங்கள் பக்கத்து ஊரில் ஆலய நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் சர்ச் வார்டனாக இருக்கும் அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பனி பெய்த காலையில் பாதையில் உப்புத் தூவுவது அவர்தான். போதகர் வருவதற்கு நேரமாகிவிட்டால் முதல் ஜெபத்தை ஆரம்பித்துவைப்பதும் அவர்தான்.

அந்த நான்கு மணி ஆராதனை குழந்தைகளுக்கானது, ‘கிறிஸ்டிங்கிள்’ என்பார்கள். ஊர்ப் பொது மண்டபத்தில் நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்வார்கள். ஒரு ஆரஞ்சுப் பழம், அது உலகம். நடுவில் சுற்றி ஒரு சிவப்பு ரிப்பன், அது கிறிஸ்துவின் இரத்தம். மேலே கத்தியால் சின்னத் துளை போட்டு ஒரு மெழுகுவர்த்தி, அது உலகத்தின் ஒளி. நான்கு பக்கமும் நான்கு குச்சிகள், அவற்றில் உலர்திராட்சையும் மிட்டாயும், அவை நான்கு பருவங்களும் பூமியின் விளைச்சலும். திராட்சையில் பாதி குச்சிக்குப் போகும் முன்பே வாய்க்குள் போய்விடும். மண்டபம் முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை. இது 1747-ல் ஜெர்மனியில் மொராவியன் சபையில் தொடங்கிய பழக்கம். இங்கிலாந்தில் 1968-ல்தான் ஒரு குழந்தைகள் நல அமைப்பு நிதி திரட்டுவதற்காகப் பரப்பியது. இன்றைக்கு ஊருக்கு ஊர் இல்லாத இடமே இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். மணிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு வார்த்தையில் முடிக்கிறேன். டியூஸ்பரி என்ற யார்க்‌ஷயர் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, கிறிஸ்து பிறந்ததிலிருந்து எத்தனை வருடமோ அத்தனை முறை பெரிய மணியை அடிப்பார்கள், கடைசி அடி சரியாக நடுராத்திரியில் விழும்படி. இரண்டாயிரத்துக்கும் மேல் அடி. ஊர்க்காரர்கள் முறை வைத்து எண்ணி எண்ணி அடிக்கிறார்கள். கிளாஸ்டர்ஷயரின் மார்ஷ்ஃபீல்டில் பாக்ஸிங் டே அன்று உடம்பு முழுக்கக் காகிதக் கீற்றுகளைக் கட்டிக்கொண்டு பழைய நாடகம் போடும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு உரை வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நேயர்களில் யாராவது நவம்பர் பாதியிலோ டிசம்பரிலோ ஷெஃபீல்டு பக்கம் வந்தால், ஞாயிறு மதியம் அந்த மலைக்கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள். பஸ் ஞாயிற்றுக்கிழமை குறைவு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்பே போனால்தான் உட்கார இடம் கிடைக்கும். வரிகள் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள், அவரே சொல்லிக்கொடுப்பார். மேய்ப்பர் பாட்டு வரும்போது உங்களுக்குத் தெரிந்த தமிழ் வரிகளையே தயங்காமல் பாடுங்கள். எட்டும் ஆறும் சரியாகப் பொருந்தும். நன்றி, வணக்கம்.