எஞ்சின் மாத்தினதும் செக் லைட் எரியுதா? எரர் கோடை அழிக்காம இதைப் பாருங்க

ஸ்கேனரைக் கிட்ட காட்டுறேன் பாருங்க. 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, நாலு சிலிண்டர். பழைய எஞ்சின் இறங்கி, சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய வண்டி உடைக்கிற யார்டுல கிடைக்கிற எஞ்சின் ஏறியிருக்கு. ஸ்டார்ட் ஆகுது, ஸ்லோ ஸ்பீடு (ஐட்லிங்) நிக்கல, செக் லைட் எரியுது. அஞ்சு கோடு: பி 0108, பி 0113, பி 0118, பி 0010, பி 0562.

இதைப் பார்த்ததும் நிறைய பேர் பண்றது, "எரேஸ்" அமுக்குறது. வேணாம். கோடை அழிச்சா கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிடும். கோடு விழுந்த நேரத்துல ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு ஈசிஎம், அதாவது எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர், எடுத்து வச்ச போட்டோ அது. முதல்ல அதை மொபைல்ல ஒரு படம் எடுத்துக்கோங்க.

இப்போ அந்த முதல் மூணு கோடைச் சேர்த்துப் படிங்க. 0108 மேப் சென்சார் (மேனிஃபோல்டுக்குள்ள காத்தழுத்தம் பார்க்கிறது), 0113 உள்ள போற காத்தோட சூடு, 0118 கூலன்ட் சூடு. மூணுமே "வோல்டேஜ் அதிகம்"னு சொல்லுது. லைவ் டேட்டாவுல கூலன்ட் மைனஸ் 40, காத்து மைனஸ் 40. மே மாசத்துல! மூணு சென்சாரும் ஒரே நாள்ல சாகாது. மூணுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு தேடணும். பொதுவா இருக்கிறது சென்சார் எர்த். இந்த எர்த் பாடிக்குப் போறதில்ல, நேரா ஈசிஎம்முக்குள்ள போகும். அது எங்கயாவது அறுந்தா, சென்சாரோட சிக்னல் கீழ இறங்க வழியில்லாம 5 வோல்ட் கிட்டயே நிக்கும்.

இதே மூணும் "வோல்டேஜ் கம்மி"ன்னு வந்திருந்தா கதை வேற. அப்போ 5 வோல்ட் சப்ளை லைன் எங்கயாவது எர்த்தாகுதான்னு பார்க்கணும். சென்சார் கப்ளரை (ஒயர் சொருகுற பிளக்கை) ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வாங்க, எதைக் கழட்டினதும் 5 வோல்ட் திரும்பி வருதோ அதுதான் திருடன்.

மீட்டர் வைக்கிற விதத்தைப் பாருங்க. கூலன்ட் சென்சார் கப்ளர் மாட்டியே இருக்கணும். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல. சிவப்பு முனையில மெல்லிசா ஒரு ஊசி வச்சு கப்ளர் பின்பக்கமா எர்த் ஒயர்ல தொடுறேன். 0.1 வோல்ட்டுக்குக் கீழ இருக்கணும். இங்க 4.8 காட்டுது. கப்ளரைக் கழட்டிட்டு இந்த டெஸ்ட் எடுத்தா மீட்டர் உங்களை ஏமாத்தும், அதனாலதான் மாட்டியே பார்க்கிறோம்.

எஞ்சின் ஹார்னஸும் (ஒயர் கட்டும்) பாடி ஹார்னஸும் சேர்ற பெரிய கப்ளர் இது. ஒவ்வொரு ஒயரையும் விரலால லேசா இழுத்துப் பாருங்க. இதோ, இந்தக் கறுப்பு ஒயர் பின்னோட சேர்ந்து 5 மில்லிமீட்டர் பின்னால நழுவுது. எஞ்சினைத் தூக்குறப்போ ஹார்னஸ் இழுபட்டு, பின்னைப் பிடிக்கிற லாக் விட்டுருச்சு. வெளிய பார்த்தா கப்ளர் ஒழுங்கா பூட்டின மாதிரியேதான் இருக்கும். பின்னைத் தள்ளி 'க்ளிக்' கேட்டதும் பாருங்க, கூலன்ட் 34, காத்து 36. காலையில ஆறின எஞ்சின்ல இந்த ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு காட்டணும், அதை ஒரு பழக்கமாவே வச்சுக்கோங்க. மூணு சென்சார் காசு மிச்சம்.

அடுத்து 0562, வண்டியோட வோல்டேஜ் கம்மி. ஓடுற எஞ்சின்ல பேட்டரியில 13.8-லிருந்து 14.5 வரை வரணும், இங்க 12.9. ஆல்டர்னேட்டரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்ல, கறுப்பை பேட்டரி நெகட்டிவ்ல வச்சு செல்ஃப் அடிங்க. 0.2, 0.3-க்கு மேல போகக் கூடாது. இங்க 1.4 வோல்ட்! யார்டுல எஞ்சினுக்கு வெள்ளி பெயின்ட் அடிச்சுத் தர்றாங்க இல்லையா, அந்தப் பெயின்ட் மேலயே எர்த் ஒயரை முடுக்கியிருக்காங்க. வயர் பிரஷ்ல இரும்பு மின்னுற வரை தேய்ச்சு முடுக்கினதும் 0.1. எர்த் ஸ்ட்ராப்பை மறந்தே போயிட்டா இன்னும் மோசம். செல்ஃப் இழுக்கிற கரண்ட் கியர் கேபிள் வழியா, ஒயரிங் வழியான்னு வேற வழி தேடும். ஈசிஎம் உள்ள எர்த் ட்ராக் கருகுறது இப்படித்தான்.

0010, இதுதான் தலைவலி. கேம் டைமிங்கை மாத்துற ஆயில் வால்வோட சர்க்யூட் கோடு. வால்வு இருந்தா ஓம் பாருங்க, 7, 8 ஓம் பக்கம் வரணும். ஆனா இங்க ஹார்னஸ்ல கப்ளர் சும்மா தொங்குது, மாட்ட இடமே இல்ல. அதாவது வண்டி விவிடி (இப்படி கேம் டைமிங்கை மாத்துற வகை), வந்த எஞ்சின் விவிடி இல்லாதது. 'அதே 1.2 தான் சார்'னு யார்டுல சொல்லுவாங்க, வருஷம் மாறினா ஹெட்டே மாறும். கப்ளர்ல ஒரு ரெசிஸ்டரைச் சொருகி 0010-ஐ மறைக்கிறவங்க இருக்காங்க. சர்க்யூட் ஏமாறும், கேம் ஏமாறாது. ஈசிஎம் திருப்பச் சொல்லும், கேம் திரும்பாது, கொஞ்ச நாள்ல, கேம் சொன்ன இடத்துல இல்லைங்கிற 0011 வந்து நிக்கும். எஞ்சினைத் திருப்பிக் கொடுத்து விவிடி எஞ்சின் வாங்குறதுதான் சரி. ஈசிஎம்மை மாத்தலாம்னா சாவியோட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு லாக்) சண்டைக்கு வரும்.

சில வண்டி ஸ்டார்ட்டே ஆகாம 0335, அதாவது கிராங்க் சென்சார் கோடு காட்டும். செல்ஃப் அடிக்கிறப்போ ஸ்கேனர்ல ஆர்பிஎம் பாருங்க, 200 பக்கம் வரணும். பூஜ்யம்னா சென்சார், ஒயர், சென்சாருக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற கேப், இதைப் பாருங்க. ஆர்பிஎம் வந்தும் ஸ்பார்க் தாறுமாறுன்னா பல் சக்கரத்தை எண்ணுங்க. 60-ல ரெண்டு பல் இல்லாத சக்கரத்துக்கு எழுதின ஈசிஎம்முக்கு 36-ல ஒண்ணு இல்லாதது புரியாது. 0016 (கிராங்கும் கேமும் ஒத்துப் போகல) வந்தா ஒயரை விடுங்க, டைமிங் செயின் கவரைத் திறங்க.

விவிடி எஞ்சின் ஏறின பிறகு ஓட்டிப் பார்த்தா, புதுசா 0171, பெட்ரோல் பத்தல. ஃப்யூவல் ட்ரிம், அதாவது ஈசிஎம் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுன்னு பாருங்க: ஸ்லோவுல பிளஸ் 22, 2500-ல பிடிச்சா பிளஸ் 4. ரேஸ் ஏற ஏற குறையுதுன்னா காத்து லீக். பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள்ள சேர்ற புகையை இன்டேக்குக்கு இழுக்கிறது), மேனிஃபோல்ட் கேஸ்கெட், இதெல்லாம் பாருங்க. ஏற ஏற கூடுச்சுன்னா பம்ப், ஃபில்டர் பக்கம் போங்க. இங்க பிசிவி ஹோஸ் அடியில விரல் நீளத்துக்கு வெடிப்பு.

இப்போ கோடை அழிக்கலாம். அழிச்சதும் ரெடினஸ் மானிட்டர் (ஈசிஎம் தானே பண்ற சோதனைகள்) எல்லாம் 'முடியல'ன்னு மாறும், அது இயல்பு. காலையில ஆறின எஞ்சினை எடுத்து, ரெண்டு நிமிஷம் ஸ்லோவுல விட்டு, 60, 70-ல ஒரே சீரா கால் மணி நேரம் ஓட்டி, பிரேக் தொடாம வேகம் இறங்க விடுங்க. அப்புறம் ஸ்கேனர்ல பெண்டிங் கோடு பக்கத்தைத் திறங்க, லைட் எரியுறதுக்கு முன்னாடியே அங்கதான் விழும். அது காலியா இருந்தா, எஞ்சின் நம்பரைப் படம் எடுத்துக்கிட்டு ஆர்டிஓ ஆபீஸ் கிளம்புங்க. ஆர்சி புக்குல இன்னும் பழைய நம்பர்தானே இருக்கு.