சிறைப் பெண்ணுக்கு முதலில் வேலை கொடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சிறையிலிருக்கும் பெண்ணுக்குப் பெரிதும் கைகொடுப்பது படிப்பா, வேலையா? இதுதான் தலைப்பு. நான் வேலையின் பக்கம்.

எதிரணித் தலைவி, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினி வேலூர் பெண்கள் சிறையில் இருந்தபடியே எம்.சி.ஏ. முடித்த கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, நளினி உள்ளே போகும்போதே பட்டதாரி. அப்புறம் முப்பது வருடம் உள்ளே இருந்தார். சாராயம் விற்றுப் பிடிபட்டவளுக்கும் கைப்பை திருடி வந்தவளுக்கும் அந்த அளவுகோல் பொருந்துமா? கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைக்கிறவளிடம் எம்.சி.ஏ. விண்ணப்பத்தை நீட்டுகிறீர்களே!

சென்னை புழல் சிறைப் பக்கம் வாருங்கள். 2023 ஆகஸ்டில் அங்கே பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறந்தார்கள். தண்டனை பெற்ற, நன்னடத்தையுள்ள பெண்கள் அதில் வேலை செய்கிறார்கள். ஒருநாள் என் ஸ்கூட்டியோடு வரிசையில் நின்றேன். "ஜீரோ பாத்துக்குங்க மேடம்" என்றார் ஒரு அம்மா. எழுபது ரூபாய்க்குப் போடச் சொல்லி நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். மீதி முப்பதை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துத்தான் என் கையில் வைத்தார். எனக்கு அந்த இரண்டாவது எண்ணல்தான் மறக்கவில்லை. சிறைக்குள் கைதி காசைக் கையில் வைத்திருக்கக் கூடாது. கேன்டீனில் பிஸ்கட் வாங்கினாலும் கணக்கில்தான் கழியும். வருடக்கணக்கில் ரூபாய்த் தாளையே தொடாதவரிடம் ஊரார் பணத்தை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். எதிரணி சொல்லும் கணக்குப் பாடத்தை அவர் அங்கேயே படித்துவிட்டார், அதுவும் சம்பளத்தோடு!

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. சாப்பாட்டுச் செலவுக்கும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் பிடித்தது போக மிச்சம் அவளுடையது. அதை வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம். ஆறு வயது வரைதான் குழந்தை அம்மாவோடு சிறையில் இருக்கலாம். அதற்குப் பிறகு வெளியே வளரும் அந்தப் பிள்ளையின் படிப்பைக் கவனிக்க எந்தப் பாடத்திட்டம் இருக்கிறது?

எதிரணியின் இளைஞர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். நாட்டின் கைதிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கச் சட்டம் விடாது, படிக்கத்தானே முடியும் என்றார். சரி, கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் தானாக முன்வந்து கேட்டால் அவர்களுக்கும் வேலை கொடுக்கலாம். ஜாமீன் நாளைக்கு வருமா, அடுத்த வருடம் வருமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவளுக்கு மூன்று வருடப் பட்டப்படிப்பு எப்படி ஓடும்? தையல் மிஷின் ஒரு மாதத்தில் பிடிபடும்.

உடனே, "பெண் என்றால் தையல், ஊறுகாய், இதுதானா?" என்று மடக்குவீர்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த ஐந்தே முக்கால் லட்சம் பேரில் பெண்கள் இருபத்து நான்காயிரத்துக்கும் குறைவு. நூற்றுக்கு நான்கு. நான்கு பேருக்காக யார் பட்டறை கட்டுவார்கள்? வேலூர் ஆண்கள் சிறையில் ஷூ தைக்கிறார்கள், கோவையில் தறி ஓடுகிறது. பெட்ரோல் பங்க்கூட முதலில் ஆண்களுக்குத்தான் வந்தது. அதனால் நல்ல வேலையாகக் கேட்போம் என்கிறேன். வேலையே வேண்டாம், புத்தகம் போதும் என்றால் சிறை நிர்வாகத்துக்கு ஏக குஷி. நாலு நோட்டு, ஒரு கரும்பலகை, செலவு முடிந்தது!

மணி அடித்துவிட்டார்கள். எனக்குப் பின் வரும் எதிரணி அன்பரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், நடுவர் அவர்களே. விடுதலையாகி வெளியே வரும் பெண்ணை ஏற்றிக்கொள்ளும் புழல் ஆட்டோக்காரர் மதிப்பெண் பட்டியலை வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பாரா?

நன்றி, வணக்கம்.